வாசகர் கேள்வி – பதில்: கிரகண டைம்லாப்ஸில் இருந்து படம் பிரித்தெடுத்தல்

கேள்வி: 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்தை திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் இருந்து 400 மிமீ வில்லையால் எடுத்தோம். ட்ரைபொட்டை இடையிடையே திருப்பி, 10 செக்கனுக்கு ஒரு பிரேம் என்று டைம்லாப்ஸ் செய்தது. கமரா தந்தது 46 செக்கன் வீடியோ மட்டும். பாடசாலைக் கண்காட்சிக்கு 11 படம் வேண்டும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் மங்கலாக வருகிறது. (உவர்மலை வாசகர்)

பதில்: முதலில் மெமரி கார்டை ஒருமுறை கிளறிப் பாருங்கள். சில கமராக்கள் வீடியோவோடு தனிப்படங்களையும் சேமிக்கும். அவை இருந்தால் வீடியோவை மறந்துவிடலாம்.

இல்லையென்றால் ஸ்கிரீன்ஷொட்டைக் கைவிடுங்கள். அது உங்கள் திரையின் அளவுக்குச் சுருங்கியோ விரிந்தோ வந்த படத்தைத்தான் பிடிக்கும். விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் வீடியோவை நிறுத்தி, ஈ விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். விண்டோஸில் ஷிஃப்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வீடியோவின் முழு அளவில் படம் சேமிக்கப்படும். வடிவம் பிஎன்ஜி ஆக இருக்கட்டும். ஜேபெக் என்றால் ஏற்கெனவே அமுக்கிய படத்தை இன்னொரு தடவை அமுக்குவதாகிவிடும்.

மொத்தமாகப் பிரிக்க விஎல்சியின் முழு அமைப்புகளில் 'சீன் ஃபில்டர்' இருக்கிறது. விகிதம் 6 என்று கொடுத்தால் ஆறு பிரேமுக்கு ஒன்று, அதாவது கிரகணத்தின் ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் விழும். ஃபோல்டர் காலியாகவே கிடந்தால் பெரும்பாலும் ஹார்ட்வெயார் டிகோடிங்தான் (வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது) காரணம். அதை நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் ஃபில்டரை அணைக்க வேண்டும். மறந்தால் அடுத்து நீங்கள் பார்க்கும் சினிமாவும் படம் படமாக உங்கள் டிஸ்க்கை நிரப்பும்.

இனித் தெரிவு. அழகான பிரேம்களாகப் பொறுக்கத் தொடங்கினால் பிறையின் தடிப்பு ஒழுங்கில்லாமல் தாவும். கடிகாரத்தை வைத்துத் தெரிவதே சரி. முதலில் வளையத்தின் நடுப் பிரேமைக் கண்டுபிடியுங்கள். வளையம் 3 நிமிடம் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது 18 பிரேம்தான். படத்தைப் பெருப்பித்து, வளையத்தின் தடிப்பை நான்கு பக்கமும் புள்ளிக் (பிக்சல்) கணக்கில் அளந்து, வித்தியாசம் மிகக் குறைந்ததை எடுங்கள். கிரகணப் பாதையின் நடுக்கோட்டில் இருந்து விலகிய இடத்தில் ஒரு பக்கம் எப்போதும் சற்றுத் தடிப்பாகவே இருக்கும். அது படத்தின் பிழை அல்ல.

அதிலிருந்து இரு பக்கமும் எண்ணுங்கள். அன்று திருகோணமலையில் கிரகணம் காலை 8.10 அளவில் தொடங்கி, 9.36 அளவில் உச்சமாகி, 11.20 அளவில் விட்டது. முன்பாதி ஏறக்குறைய 86 நிமிடம், பின்பாதி 104 நிமிடம். ஆகவே முன்னுக்கு 14 நிமிடத்துக்கு ஒன்று (84 பிரேம்), பின்னுக்கு 17 நிமிடத்துக்கு ஒன்று (102 பிரேம்) என்று ஐந்தைந்து படம் எடுத்தால் இரு பக்கப் பிறைகளும் சோடி சேரும். ஒரே இடைவெளியில் எடுத்தால் சேராது.

குறித்த பிரேமில் முகிலோ நடுக்கமோ இருந்தால் முன்பின் மூன்று பிரேமுக்குள் மாற்றுத் தேடுங்கள். அரை நிமிடத்தில் பிறை மாறியதாகக் கண்ணுக்குத் தெரியாது. பிறையின் இரண்டு கூர்களும் எதில் கூர்மையாக இருக்கிறதோ அதுவே நல்லது. சூரியனில் கரும்புள்ளி தெரிகிறது என்று மகிழ வேண்டாம். 2019 இறுதி சூரியன் மிக அமைதியாக இருந்த காலம். சூரியன் நகர நகர அந்தப் புள்ளி சட்டத்தின் ஒரே இடத்தில் நின்றால் அது சென்சரில் உள்ள தூசி.

அச்சளவு: புல் பிரேம் (36 மிமீ அகல சென்சர்) கமராவில் 400 மிமீ வில்லை தரும் சூரியன், 1920 புள்ளி அகல வீடியோவில் ஏறக்குறைய 200 புள்ளி குறுக்களவுதான். ஒவ்வொன்றையும் 5 செமீ அளவில் அச்சிட்டால் ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்க்கத் தாங்கும். பதினொன்றும் ஏ1 தாளில் ஒரே வரியில் அடங்கும்.

கேள்வி: ஐபோனில் எடுத்த டைம்லாப்ஸில் சூரியன் ஒரு பொட்டுப் போல இருக்கிறது. வெட்டிப் பெருப்பிக்கலாமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: முடியாது. சாதாரண வில்லையில் சூரியன் 13 புள்ளி அளவுதான். நேரக் கணக்கிலும் கவனம்: ஐபோன் பதிவு நீள நீள இடைவெளியைத் தானே இரட்டிப்பாக்கும். எடுத்த நிமிடங்களை மொத்தப் பிரேம்களால் பிரித்துத்தான் உண்மையான இடைவெளியை அறியலாம். போனை அசைக்காமல், சூரிய ஃபில்டர் பூட்டி எடுத்திருந்தால் இன்னொரு வழி உண்டு. 5 நிமிடத்துக்கு ஒரு பிரேம் எடுத்து, கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் அடுக்கி 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கூடியதே மிஞ்சும்) சேர்த்துவிடுங்கள். வானில் சூரியன் தன் குறுக்களவு தூரத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேல் ஆகும் என்பதால் பிறைகள் ஒன்றையொன்று தொடாது. ஒவ்வொரு பிறையையும் நிமிர்த்தித் திருப்பாதீர்கள். அதன் சாய்வும் ஒரு பதிவுதான்.

கேள்வி: வெறும் போனில் எடுத்த படத்தில் சூரியன் வெள்ளையாக எரிந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சிறு பிறை ஒன்று தெரிகிறது. (நிலாவெளி வாசகர்)

பதில்: வில்லைக்குள் தெறித்த பிம்பம் அது. எரிந்த சூரியனில் எந்த விபரமும் மிஞ்சாது, மீட்கவும் முடியாது. அந்தத் தெறிப்பில்தான் கிரகணத்தின் உருவம் இருக்கிறது. அதை வெட்டி, 'வில்லைத் தெறிப்பு' என்று குறிப்பெழுதி வையுங்கள்.

கேள்வி: 2027 ஓகஸ்ட் 2 கிரகணத்துக்கு எப்படி ஆயத்தமாவது? (மூதூர் வாசகர்)

பதில்: நமக்கு அது பகுதிக் கிரகணம், மாலையில். சூரியன் மேற்கே தாழும். கடலைப் பின்னணியாக வைக்க நினைத்தால் ஏமாற்றம்தான், கட்டடமும் மரமும் மறைக்காத இடத்தை முன்கூட்டியே பாருங்கள். வீடியோவாக அல்லாமல் 10 செக்கன் இடைவெளியில் ரோ படங்களாக (கமரா பதப்படுத்தாத மூலப்படங்கள்) எடுங்கள். 2 மணித்தியாலத்துக்கு 720 படம். ஒன்று 25 எம்பி என்றால் 18 ஜிபி. ஃபோகஸும் எக்ஸ்போஷரும் கையால் பூட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் முகில் கடக்கும்போதெல்லாம் வெளிச்சம் தாவும். ஒளியை ஒரு இலட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும் சூரிய ஃபில்டர் வில்லைக்கு முன்னால், முடியும் வரை. கமராக் கடிகாரத்தை அன்று காலையே போனோடு செக்கன் வரை ஒத்துப்பாருங்கள். அப்போது பிரேம் எண்ணும் வேலையே இருக்காது.