ஆட்டுப்பண்ணைக்கு ஒரு டீசல் பிக்கப்: மைலைப் பார்க்குமுன் மணியைப் பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே சின்னதாக ஓர் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறேன். வார இறுதியில் ட்ரெய்லரில் ஆடோ வைக்கோலோ ஏற்றிப் போக வேண்டும். ட்ரெய்லர் எடையோடு 7,000 பவுண்ட் வரும். மற்ற நாட்களில் அதே வண்டியில் 6 மைல் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குப் போவேன். 2014 ராம் 2500, 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 1,30,000 மைல் ஓடியது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "கம்மின்ஸ் பத்து லட்சம் மைல் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார் ஒரு நண்பர். "புகை வடிகட்டியான டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டால் தொல்லையே இல்லை" என்கிறார் இன்னொருவர். இவர்கள் சொல்வது சரியா? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?

பதில்: முதல் நண்பர் சொல்வது பாதி சரி. இரண்டாமவர் சொல்வதைக் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஆட்டு ட்ரெய்லர் அல்ல, அந்த 6 மைல் அலுவலகம்தான்.

பத்து லட்சம் மைல் பேச்சு சும்மா வந்ததில்லை. 1989 மாடலில், ராமை அப்போது தன் பெயரில் விற்றுவந்த டாட்ஜ் தன் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் இன்ஜினை வைத்தது. வெறும் 160 குதிரைத்திறன். ஆனால் டிராக்டரிலும் மண் அள்ளும் இயந்திரத்திலும் நடுத்தர லாரியிலும் நாளெல்லாம் உழைப்பதற்கென்று வார்த்த இன்ஜின் அது. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி நம்மூர் டாடா லாரிகளில் ஓடியதும் இதே குடும்பம்தான். நாமக்கல் பக்கம் லாரி வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். உங்கள் 6.7 அதன் வாரிசு. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது பல்சக்கரம், ஆகவே அறுந்துபோக டைமிங் பெல்ட் கிடையாது. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால் 1,30,000 மைல் இந்த இன்ஜினுக்கு இளமைதான்.

சிக்கல் இன்ஜினைச் சுற்றி இருப்பவற்றில். 2007-இல் புகை விதிகள் இறுகியபோதுதான் இந்த 6.7 வந்தது, கூடவே டிபிஎஃப்பும் வந்தது. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. 2013-இல் யூரியாக் கரைசலான டிஇஎஃப்பும் சேர்ந்தது. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டியில் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர், கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் டிஇஎஃப் ஏற்பாடு என மூன்றும் இருக்கும்.

டிபிஎஃப்பில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சுமையை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் கரியின் பெரும்பகுதி புகையின் சூட்டிலேயே கழிந்துவிடும். ஓட்டுநருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 6 மைல் போய் நிற்கும் வண்டியில் இன்ஜின் சூடேறும்போதே அலுவலகம் வந்துவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் கணினி சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைத் தெளித்துச் சூட்டை ஏற்றி எரிக்கப் பார்க்கும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். அது முடியச் சாதாரணமாக 20, 30 நிமிட ஓட்டம் வேண்டும். நீங்களோ பாதியில் அணைத்துவிடுவீர்கள். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி அணையும். தெளித்த டீசலில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும். இஜிஆர் கொண்டுவரும் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து உள்ளிழு குழாயில் தார் போலப் படியும். டர்போவுக்குள் நகர வேண்டிய வளையம் கரியில் ஒட்டிக்கொள்ளும். நான் பார்க்கும் 6.7 வண்டிகளில் அதிகம் செலவு வைப்பவை பாரம் இழுத்தவை அல்ல. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போய்வந்தவை.

அதனால்தான் மைலை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்கிறேன். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களை அழுத்தி வண்டித் தகவல் பக்கத்துக்குப் போனால் இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும், அதில் நின்றபடி ஓடியது எவ்வளவு என்பதும் வரும். 1,30,000 மைலுக்கு 3,200 மணி என்றால் சராசரி வேகம் 40 மைல்; நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, பேசலாம். அதே மைலுக்கு 6,500 மணி என்றால் சராசரி 20 மைல். மேற்கு டெக்சஸ் எண்ணெய் வயல்களில் ஏசிக்காக நாள் முழுக்க இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளின் கணக்கு இப்படித்தான் இருக்கும். நின்றபடி ஓடிய ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 30 மைல் தேய்மானமாக இந்தத் தொழிலில் கணக்குப் போடுவார்கள். விற்பவர் அந்தப் பக்கத்தைக் காட்டத் தயங்கினால் வேறு வண்டி பார்க்கலாம்.

வாங்குவதாக இருந்தால் முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காக உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பி வலை ஒன்று இன்ஜினுக்கு மேலே இருக்கிறது. கிரிட் ஹீட்டர் என்பார்கள். அதற்கு மின்சாரம் தரும் போல்ட்டும் நட்டும் ஆண்டுக்கணக்கில் சூட்டில் அரித்து, தளர்ந்து, உள்ளே விழுந்துவிடுவது உண்டு. விழுந்தால் பெரும்பாலும் நேராக ஆறாவது சிலிண்டருக்குள் போகும். பத்து லட்சம் மைல் இன்ஜின் அந்த நொடியே முடிந்தது. எல்லோருக்கும் நடப்பதில்லை, ஆனால் நடந்தால் இன்ஜினையே மாற்றும் செலவு. அதைத் தடுக்கும் மாற்று பாகங்கள் சந்தையில் கிடைக்கின்றன, இன்ஜின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. 2025 மாடலில் இந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடேற்றும் குளோ பிளக்குக்கு மாறிவிட்டார்கள் என்பதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

முன்பக்கத்தையும் பாருங்கள். ஒரே துண்டான முன் ஆக்சில் கொண்ட வண்டி இது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டீசல் இன்ஜின் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ட்ராக் பார் கம்பியின் புஷ்ஷும், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயிண்டும் தேய்ந்தால், 55, 60 மைல் வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடத் தொடங்கும். பிரேக் போட்டு வேகம் குறைந்தால்தான் நிற்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்பச் சொல்லி, கீழே படுத்து ட்ராக் பார் முனையைப் பாருங்கள். அந்த முனையில் அசைவே இருக்கக் கூடாது. அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால், ஆட்டத்தை யாரோ மூடி மறைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஓஹையோ, மிச்சிகன் பக்கம் இருந்து வந்த வண்டி என்றால் சாலை உப்பில் ஃப்ரேமும் பிரேக் குழாயும் துருப்பிடித்திருக்கும். டெக்சஸிலேயே பதிவாகி ஓடியது நல்லது.

டீசல் பம்ப் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2018 வரையிலான ராமில் சிபி3 என்ற உறுதியான பம்ப் இருக்கிறது. 2011-இல் வந்த ஃபோர்டு 6.7-இலும், 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸிலும் (செவ்ரோலே சில்வராடோவில் வரும் டீசல் இன்ஜின்) சிபி4 என்ற வேறு பம்ப். அது உடைந்தால் உலோகத் துகள் இன்ஜெக்டர் முதல் டேங்க் வரை பரவும். மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டும். அமெரிக்க டீசலின் வழுவழுப்புத் தரம் ஐரோப்பாவைவிடத் தளர்வானது என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ராமே 2019, 2020-இல் சிபி4-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு, 2021-இல் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சிபி3-ஐ மாட்டிக்கொடுத்தது. யாராவது அதே விலைக்கு 2012 சில்வராடோ 2500-ஐக் காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

இனிப் பராமரிப்பு. இன்ஜின் ஆயில் 12 குவார்ட் பிடிக்கும். கையேடு அதிகபட்சமாக 15,000 மைல், 500 மணி, ஓராண்டு ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை விடும். உங்கள் ஓட்டத்துக்கு நான் அவ்வளவு விடமாட்டேன். ஆறு மாதம் அல்லது 7,500 மைலில் மாற்றுங்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயில், அளவுகோலில் நிறைவாகத்தான் காட்டும். மட்டம் ஏறிக்கொண்டே போனால் மகிழாதீர்கள். டப்பாவில் சிகே-4 என்று இருக்க வேண்டும். குறைந்த சாம்பல் தரும் ஆயில் அது. கரியை எரித்துவிடலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது. அது டிபிஎஃப்பிலேயே தங்கிவிடும்.

டீசல் ஃபில்டர் இரண்டு: ஒன்று இன்ஜினில், ஒன்று பின்னால் ஃப்ரேமில். இரண்டையும் 15,000 மைலில் சேர்த்தே மாற்றுங்கள். பின்னால் இருப்பதை மறந்துவிடும் கடைகள் நிறைய. ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசை கட்டும் பங்கில் டீசல் போடுங்கள். அங்கே டீசல் தேங்கிக் கிடக்காது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ரசீது ஒன்று: 67,500 மைலில் மாற்ற வேண்டிய கிராங்க்கேஸ் காற்று ஃபில்டர். பலர் மாற்றுவதே இல்லை. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் கசிவு தொடங்கும். 1,30,000-இல் இருக்கும் வண்டிக்கு இரண்டாவது முறையே நெருங்கிவிட்டது. வால்வு இடைவெளி சரிபார்க்கும் வேலையும் ஒன்றரை லட்சத்தில் வரும். கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 60,000 மைலுக்கு ஒருமுறை. இந்த வண்டியில் இன்ஜினைவிட முதலில் களைப்பது அந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக்தான். கூலண்டில் நிறம் பார்த்து வேறொன்றைக் கலக்காதீர்கள், கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள்.

டிஇஎஃப் என்பது 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். ஹூஸ்டன் வெயிலில் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். தேவைக்கு வாங்கி உடனே ஊற்றுங்கள். நீல மூடியில் மட்டும். தப்பித்தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள்.

வாரம் ஒருமுறையாவது முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். உங்களுக்கு ஆட்டு ட்ரெய்லரே அதற்குச் சாக்கு. திரையில் எக்ஸாஸ்ட் ஃபில்டர் நிரம்புகிறது என்று வந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் ஐ-10-இல் ஏறுங்கள். புகை வெளியேறுவதை நெருக்கி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பொத்தானை எப்போதும் போட்டே வையுங்கள். டர்போவின் வளையம் நகர்ந்துகொண்டே இருப்பதால் கரியில் ஒட்டாது, பிரேக்கும் மிச்சம். பாரம் இழுத்து வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பண்ணைக்காரர் என்பதால் இன்னொன்று: ரீஜென் நடக்கும்போது புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும். காய்ந்த புல்லிலோ சிந்திய வைக்கோலிலோ நிறுத்தாதீர்கள்.

டிபிஎஃப்பைக் கழற்றும் யோசனை. டெக்சஸில் டீசலுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையும் இல்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொல்வது அதனால்தான். ஆனால் தூய காற்றுச் சட்டம் கூட்டாட்சிச் சட்டம், மாநிலத்துக்கு மாநிலம் மாறாது. 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கைவைத்திருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020-இல் மதிப்பிட்டது. கம்மின்ஸ் நிறுவனமே 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருளை வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. "கம்பெனியே செய்தது, நான் செய்தால் என்ன" என்று நண்பர் கேட்பார். அந்த அபராதத்தை வைத்தே பதில் சொல்லலாம். நீங்கள் பார்க்கும் 2014-உம் அந்தப் பட்டியலில் வருகிற ஆண்டுதான். வண்டி எண்ணைக் கொடுத்து அந்த மென்பொருள் திருத்தம் முடிந்ததா என்று டீலரிடம் கேளுங்கள். வாங்கும் வண்டியில் ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்களா என்று கீழே குனிந்தும் பாருங்கள். பருத்த டப்பாக்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நேர்க்குழாய் ஓடினால் விலகிவிடுங்கள். திரும்பப் பொருத்த ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். கழற்றியவர்கள் பெரும்பாலும் சக்தியையும் ஏற்றியிருப்பார்கள், அந்த அடியை ஹெட் கேஸ்கெட்டும் கியர்பாக்ஸும் வாங்கியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 7,000 பவுண்டுக்கு டீசல் தேவையே இல்லை. அதே 2014-இல் அதே ராம் 2500 ஹெமி என்ற 6.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடும் வந்தது. அந்த எடையைச் சிரமமில்லாமல் இழுக்கும், 6 மைல் ஓட்டத்தில் டிபிஎஃப் கவலை இல்லை, டிஇஎஃப் இல்லை, விலையும் குறைவு. 12,000 பவுண்டுக்கு மேல் அடிக்கடி இழுப்பவருக்கும், ஆண்டுக்கு 25,000 மைல் ஓட்டுபவருக்கும், கொலராடோ மலை ஏறுபவருக்கும் டீசல் பணத்தைத் திருப்பித் தரும். உங்கள் கணக்கில் அது தராது. ஆட்டுக்கூட்டம் பெருகும், பெரிய ட்ரெய்லர் வரும் என்ற திட்டம் இருந்தால் டீசலை எடுங்கள், அலுவலகத்துக்கு ஒரு பழைய கொரோலா வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல்தான் என்று முடிவானால், போய்ப் பார்க்கும் நாளில் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் வண்டியின் முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேறொரு காலையில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடலாம்.