மருத்துவர் பதில்: மார்மன் சபையை விட்ட பிறகும் தாம்பத்திய உறவில் வலி

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வசிக்கிறேன். மனைவிக்கு 29 வயது, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தச் சபையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குத் திருமணமாகி 14 மாதங்களாகியும் உறவு கொள்ள முடியவில்லை. நெருங்கினாலே தொடை இறுகிவிடுகிறது, எரிச்சல், வலி. பிறகு அழுகிறார். நம்பிக்கை போன பின்னும் ஏன் இந்தக் குற்ற உணர்ச்சி?

பதில்: இது வெஜைனிஸ்மஸ் என்ற தசை இறுக்கமாக இருக்கலாம். பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் அவரைக் கேட்காமலே இறுகிக்கொள்கின்றன. உங்கள் மேல் பிரியம் இல்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

அவர் வளர்ந்த சூழலைப் பாருங்கள். 12 வயதை ஒட்டியே பிஷப், அதாவது உள்ளூர்ச் சபைத் தலைவர், தனியறையில் கற்பொழுக்கம் பற்றி விசாரிப்பது வழக்கம். பிள்ளை விரும்பினால் பெரியவர் ஒருவர் உடனிருக்கலாம் என்று 2018இல்தான் சபை விதியைத் திருத்தியது. சுய இன்பம் பாவம் என்பது சபையின் போதனை. சபையின் புனித நூலான மார்மன் நூலின் அல்மா 39:5, பாலியல் தவறைக் கொலையை ஒட்டிய படியில் வைக்கிறது. திருமண உறவைச் சபை புனிதமென்றே சொல்கிறது. ஆனால் பல வருடம் 'ஆகாது' என்று பழகிய உடலுக்கு ஒரே இரவில் 'ஆகும்' என்று மாறத் தெரியாது.

முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். யோனி வாயைச் சுற்றிப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டு, எந்த இடத்தில் எரிகிறது என்று பார்ப்பார். தொற்று, தோல் நோய் இருந்தால் முதலில் அதற்கு மருந்து.

அடுத்து இடுப்புத்தள பிசியோதெரபி. பலர் இங்கே இந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் கெகல் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே இறுகிய தசையை அது மேலும் இறுக்கும். இவருக்குத் தேவை தளர்த்துவது: வயிறு உப்ப மூச்சிழுக்கும்போது கீழ்த்தசை தானாகத் தாழ்வதை உணரப் பழகவேண்டும். அது கைவந்ததும் டைலேட்டர், அதாவது யோனியை மெல்லப் பழக்கப் படிப்படியாகப் பெரிதாகும் வழவழப்பான குழல்கள். மிகச் சிறிய அளவில் தொடங்கி, தண்ணீரில் கரையும் லூப்ரிகண்ட் (வழுக்கும் ஜெல்) தாராளமாகத் தடவி, 10 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள். சிலிகான் டைலேட்டருக்குச் சிலிகான் லூப்ரிகண்ட் வேண்டாம், அதன் மேற்பரப்பு கெட்டுவிடும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்பவேண்டும். பல்லைக் கடித்துத் தாங்கினால் உடல் பயத்தைத்தான் மீண்டும் கற்கும். மரத்துப்போகும் ஜெல்லோ மதுவோ கொடுத்து முயல்வதும் அப்படித்தான்.

இந்தக் காலத்தில் உடலுறவு கிடையாது என்று இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சே அவர் தோளைத் தளர்த்தும். வாரம் இருமுறை, 20 நிமிடம், முறைவைத்துத் தொடுங்கள். முதல் சில வாரங்கள் மார்பும் பிறப்புறுப்பும் தவிர்த்து. எது பிடிக்கிறது என்று அவர் சொல்லட்டும். தன் விருப்பத்தைச் சொல்லும் பழக்கமே அவருக்குப் புதிது.

குற்ற உணர்ச்சி எழும்போது வாதாடாதீர்கள். "இது பிஷப் அறையில் கற்றது" என்று அவரே பெயரிட்டுப் பார்க்கட்டும். யாரிடமாவது 'ஒப்புக்கொண்டே' ஆகவேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழித்தால் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்க்கவேண்டும். பாலியல் ஆலோசகர் தேடினால் பாலியல் ஆலோசகர்களுக்கான அமெரிக்க அமைப்பான 'ஆசெக்ட்'டின் சான்று பெற்றவரா என்று கேளுங்கள்.

பெரிய டைலேட்டர் வலியின்றிப் போன பிறகே உறவுக்கு முயலுங்கள். அவர் மேலே இருக்கட்டும், நுழைப்பது அவர் கையில். முதல்முறை அசையாமல் ஐந்தாறு மூச்சு, பிறகு விலகிவிடலாம். அன்றைக்கு அவ்வளவு போதும்.