ஊருக்கு ஊர் நடைவழிகளைத் தன்னார்வலர்கள் சோதிப்பது என்றால் என்ன?

பக்கத்துப் பக்கத்து ஊர்களை இணைக்கும் நடைவழியை வரைபடத்தில் குறித்து, அதில் ஒருவர் உண்மையிலேயே நடந்து பார்த்து, கண்டதை அடுத்தவருக்காக எழுதி வைப்பதே இந்தப் பணி. பிரிட்டனில் 2020-இல் தொடங்கிய 'ஸ்லோ வேஸ்' திட்டத்தில் தன்னார்வலர்கள் இப்படி 7,000-க்கும் மேற்பட்ட வழிகளை வரைந்தார்கள். அவற்றை நடந்து சோதிப்பவர்களும் தன்னார்வலர்களே.

வரைந்த பின்னும் ஏன் நடக்க வேண்டும்? பேருந்து அட்டவணையில் நேரம் இருந்தாலும், வண்டி வருகிறதா என்பது நிறுத்தத்தில் நிற்பவருக்குத்தானே தெரியும். ஏற்காட்டிலிருந்து நாகலூருக்கு ஒற்றையடிப் பாதை தேடுபவருக்கு, காபித் தோட்டத்தின் கம்பிக் கதவு பூட்டியிருப்பதையோ, ஐப்பசி மழைக்குப் பின் ஓடைப் பாறையில் பாசி படிந்து கால் வழுக்குவதையோ எந்தக் கோடும் சொல்லாது. ஆகவே நடந்த மாதம், ஏற்றத்தின் கடுமை, தண்ணீர் கிடைக்கும் இடம், முதியவர் நடக்க இயலுமா என்பவற்றை எழுதுவது அவசியம். வெறும் 'அருமை' யாருக்கும் உதவாது. மழைக்காலத்திலும் கோடையிலும் வெவ்வேறு ஆட்கள் நடந்து எழுதிய குறிப்புகளையே நான் பெரிதும் நம்புவேன்.

பலர் பாராட்டிய வழி என்றால் அனுமதி உள்ள வழி என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு, சேர்வராயன் மலையின் காப்புக்காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தனியாகப் பெற வேண்டும்.