பேடில் ஷிஃப்டர் செடானும் அதன் அலங்காரமும்

கேள்வி: பழைய காராக விற்பனைக்கு வந்துள்ள, பேடில் ஷிஃப்டர் (ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும், கியர் மாற்றும் சிறு நெம்புகள்) பொருத்திய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை வாங்கி, தோற்றத்தையும் சற்று மாற்ற விரும்புகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: விலையைப் பேசுமுன், வாகன உரிமைச் சான்றிதழில் (சிங்கப்பூரில் காரை 10 ஆண்டுகள் வைத்திருக்கத் தரப்படும் அனுமதி) எஞ்சியிருக்கும் காலத்தைப் பாருங்கள். 10 ஆண்டுகள் முடிந்தபின் அதைப் புதுப்பிக்க எண்ணினால், முந்தைய மூன்று மாதங்களின் சராசரிச் சான்றிதழ்க் கட்டணத்தைச் செலுத்த நேரிடும் என்பதோடு, பதிவை நீக்கும்போது கிடைக்கவேண்டிய தள்ளுபடியையும் இழந்துவிடுவீர்கள்.

பேடிலைப் பற்றி அதிகம் கனவு காணவேண்டாம். இக்காரின் தானியங்கி வகையில் இருப்பது சிவிடி எனும், விகிதம் தொடர்ச்சியாக மாறும் கியர்ப்பெட்டி. அதில் தனித்தனிப் பற்சக்கர கியர்கள் இல்லை. இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும் சங்கிலியின் விகிதத்தைக் கணினி படிப்படியாக நிறுத்துவதால்தான், வலப்பேடிலை இழுக்கும்போது கியர் ஏறியதுபோலத் தோன்றுகிறது. ஓட்டிப் பார்க்கும்போது, நெரிசலில் மெதுவாக நகர்கையில் அதிர்வு உண்டா என்று கவனியுங்கள். எண்ணெய் மாற்றிய பட்டறைச் சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

அலங்காரத்தில், நல்ல சக்கரங்களுக்குச் செலவிடலாம். அவை உடற்பகுதிக்கு வெளியே துருத்தக்கூடாது. கண்ணாடிக்கு டிண்ட் ஒட்டினால், முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு, பின்புறத்தவை 25 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும். ஸ்டியரிங்கை மாற்றினால் காற்றுப்பையோடு, நீங்கள் ஆசைப்பட்ட பேடில்களும் போய்விடக்கூடும். பெரிய பின்னிறக்கை, என் பார்வையில், பணத்திற்குக் கேடு.