‘கனெக்டட்’ என்று சொல்லும் ஃபங்ஷனை முதலில் தூக்குங்கள்

நாமக்கல் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். லாரி எடை போடும் வே பிரிட்ஜ்களுக்கு பில் மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம் அவருடையது. 40 இடங்களில் அவர் மெஷின் ஓடுகிறது, பாதிக்கு மேல் சிம் டாங்கிளில். எல்லாவற்றையும் ஒரே மெஷ் விபிஎன்னில் (எந்த மெஷினும் எந்த மெஷினோடும் ரகசியமாகப் பேசும் தனி வலையில்) கோக்க, வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளின் மேல் கோ மொழியில் ஒரு லைப்ரரி எழுதிக்கொண்டிருக்கிறார். அலுவலகத்தில் மற்ற பையன்களும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள். ஃபங்ஷன்கள் இப்போதே 14 ஆகிவிட்டன: இன்டர்ஃபேஸ் உருவாக்கு, ஐபி கொடு, ரூட் (பாதை) போடு, பியர் (எதிர்ப்பக்க மெஷின்) சேர், பியர் நீக்கு, ஹேண்ட்ஷேக் (இரண்டு மெஷினும் புது கீ பேசி முடிப்பது) தொடங்கு, இஸ்கனெக்டட் (லைன் இருக்கிறதா), இப்படியே போகிறது பட்டியல். “இஸ்கனெக்டட் ட்ரூ என்கிறது, ஆனால் பில் வந்து சேரவில்லை. எங்கே தப்பு? இதற்கிடையில் ஒரு கன்சல்டன்ட் ரெடிமேட் எஸ்டிகே (லைப்ரரி தொகுப்பு) தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? கடைசியாக, பைதானிலும் இது வேண்டும் சார்.”

தப்பு அந்த ஃபங்ஷனின் பெயரிலேயே இருக்கிறது. வயர்கார்டில் ‘கனெக்‌ஷன்’ என்று ஒன்று கிடையாது. அனுப்ப ஏதாவது இருந்தால்தான் இரண்டு மெஷினும் ஹேண்ட்ஷேக் செய்யும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கும். தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தால் 120 விநாடிக்கு ஒரு முறை புது கீ, 180 விநாடி தாண்டிய பழைய கீ செல்லாது, அவ்வளவுதான் கணக்கு. உங்கள் இஸ்கனெக்டட் என்ன பார்க்கிறது? ‘கடைசி ஹேண்ட்ஷேக் மூன்று நிமிடத்துக்குள் நடந்ததா’ என்று பார்க்கிறது என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு லாரி வரவில்லை, பில் இல்லை, ஹேண்ட்ஷேக்கும் இல்லை. லைன் நன்றாகவே இருக்கிறது, ஃபங்ஷன் ஃபால்ஸ் சொல்லும். ஒரு நிமிடம் முன்பு யாரோ டாங்கிளைப் பிடுங்கி போன் சார்ஜ் போட்டுவிட்டார்கள், அது இன்னும் ட்ரூ சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் பொய்.

அதனால் அதைத் தூக்கிவிடுங்கள். லைன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் டயல் செய்து பார்க்க வேண்டும், எரர் வந்தால் இல்லை. மனிதக் கண்ணுக்காக ஒரு ஸ்டேட்டஸ் மட்டும் வையுங்கள்: கடைசி ஹேண்ட்ஷேக் எத்தனை மணிக்கு, நேரடியாகப் போகிறதா ரிலே (நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்) வழியாகவா, எத்தனை பைட் போனது வந்தது. அதை வைத்து ‘இஃப்’ எழுதக் கூடாது என்று பையன்களுக்குச் சொல்லிவிடுங்கள். பில் சேர்ந்ததா என்பது விபிஎன்னின் வேலையே இல்லை, ‘4417-ஆம் பில் வாங்கிக்கொண்டேன்’ என்று உங்கள் சர்வர் திருப்பிச் சொன்னால்தான் சேர்ந்தது என்று அர்த்தம்.

சரி, 14 எத்தனை ஆக வேண்டும்? நான்கு. திற, லிசன் (வரும் இணைப்புக்குக் காத்திரு), டயல் (எதிர்ப்பக்கத்தை அழை), மூடு. ஸ்டேட்டஸ் போல வெறுமனே பார்த்துச் சொல்பவை இந்தக் கணக்கில் இல்லை. இதில் லிசனும் டயலும் உங்கள் சொந்த டைப் எதையும் திருப்பித் தரக் கூடாது, கோ மொழியின் சாதாரண நெட்.லிசனர், நெட்.கான் இவற்றையே தர வேண்டும். அப்படித் தந்தால் ஏற்கெனவே எழுதிய எச்டிடிபி சர்வரை ஒரு வரி மாற்றி மெஷ்ஷுக்குள் வைத்துவிடலாம், உங்கள் பையன் விபிஎன் என்றால் என்னவென்றே படிக்க வேண்டியதில்லை. வயர்கார்டின் மேல் மெஷ் விபிஎன் தரும் டெயில்ஸ்கேல் நிறுவனத்தின் டிஎஸ்நெட் லைப்ரரி இதைத்தான் செய்கிறது, எழுத உட்காரும் முன் அதன் டாக்குமென்ட்டை ஒரு மணி நேரம் படியுங்கள். அதில் இன்னொரு நல்ல காரியம், வந்திருக்கும் இணைப்பைக் காட்டி ‘இது யார்’ என்று கேட்கலாம். ஐபியைப் பார்த்து ஆளை ஊகிக்கிற வேலையை இதற்கு மேல் செய்யாதீர்கள். டயலுக்குக் கான்டெக்ஸ்ட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது விட்டுவிடுவது என்று சொல்லும் கோ மொழி வசதி) கட்டாயம். முதல் முறை டயல் செய்யும்போது எதிர்ப்பக்க முகவரி கண்டுபிடிப்பது, ரவுட்டரின் நாட் (NAT, முகவரி மாற்றும் அடுக்கு) தாண்டித் துளை போடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும், சில விநாடி ஆகலாம், அதற்குள் பில் திரை உறைந்து நின்றால் ஆபரேட்டர் பவர் பட்டனைத்தான் அழுத்துவார்.

பியர் சேர்ப்பது, ஐபி கொடுப்பது, ரூட் போடுவது எதுவும் லைப்ரரியைப் பயன்படுத்துபவர் கையில் இருக்கக் கூடாது. அதெல்லாம் உங்கள் கன்ட்ரோல் சர்வரின் (மெஷ்ஷில் யார் யார் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) வேலை. டயலுக்குப் பெயர் கொடுக்கட்டும், ஐபி வேண்டாம். 40 இடத்தில் முக்கால்வாசி ரவுட்டரில் 192.168.1 அல்லது 192.168.0 தான் இருக்கும், அதே எண்ணை மெஷ்ஷுக்கும் எடுத்தால் மெஷின் குழம்பிப் போகும். 100.64-இல் தொடங்கும் வரிசையை எடுக்கலாமா என்றால், டெயில்ஸ்கேல் எடுத்திருக்கிறது, ஆனால் 2012-இல் அந்த வரிசையை ஒதுக்கியதே சிம் கம்பெனிகள் தங்கள் உள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளத்தான். எதை எடுத்தாலும் சரி, கோடில் எண்ணாக எழுதிவைத்தால் ஒருநாள் நாற்பது இடத்துக்கும் பைக்கில் போக வேண்டியிருக்கும்.

ரூட் (root, அதாவது அட்மின்) அனுமதி கேட்காதீர்கள். டன் டிவைஸ் (TUN, சிஸ்டத்துக்குள் போலி நெட்வொர்க் கார்டு) உருவாக்கினால்தான் அது தேவை. கூகுளின் ஜிவைசர் திட்டத்தில் டிசிபி ஐபி முழுவதையும் புரோகிராமுக்குள்ளேயே ஓட்டும் நெட்ஸ்டாக் இருக்கிறது, அதைப் போடுங்கள், உங்களுக்கு அது போதும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: அப்படிச் செய்தால் விண்டோஸுக்கு இந்த மெஷ் இருப்பதே தெரியாது. சர்வீஸ் பையன் போய் பிங் அடித்துப் பார்த்துவிட்டு “விபிஎன் செத்துப்போச்சு சார்” என்பான். உங்கள் புரோகிராமிலேயே ஒரு சோதனை பட்டன் வையுங்கள்.

இனி கீ. பிரைவேட் கீ, பப்ளிக் கீ இரண்டும் 32 பைட், எழுதினால் இரண்டும் 44 எழுத்து, கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஸ்ட்ரிங்காக விட்டால் ஒருநாள் யாராவது பிரைவேட் கீயை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். தனித்தனி டைப் வையுங்கள், வயர்கார்டின் கோ வடிவத்திலேயே அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள், பிரைவேட் கீயை பிரின்ட் செய்தால் உடுக்குறி மட்டும் வரட்டும். கீயை லைப்ரரியே அந்த மெஷினில் உருவாக்கி, சொன்ன ஃபோல்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘திற’ ஃபங்ஷனுக்கு ஃபோல்டர் பெயரும் மெஷின் பெயரும் போதும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் நானே இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு மெஷினைச் சரியாக அமைத்து, அதன் டிஸ்க்கை அப்படியே குளோன் அடித்து அடுத்த பத்து இடத்துக்கு அனுப்புவார்கள், நேரம் மிச்சம் என்று. கீ ஃபோல்டரும் கூடவே போய்விடும். இப்போது இரண்டு ஊரில் ஒரே கீ. கடைசியாகச் சரியான பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அங்கேதான் சர்வர் பதில் அனுப்பும். ஆக, ஒரு ஊர் பேசும்போது இன்னொரு ஊர் ஊமை, அது பேசினால் இது ஊமை. இது போதாதென்று ஹேண்ட்ஷேக்குக்குள் நேரமுத்திரை வேறு இருக்கிறது, முன்பு பார்த்த நேரத்தைவிடப் பழைய நேரம் வந்தால் சர்வர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். கடிகாரம் பின்தங்கிய குளோன் உள்ளேயே வர முடியாது. குளோன் அடிக்காவிட்டாலும் இது கடிக்கும்: பழைய கம்ப்யூட்டர், கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்தது, கரண்ட் போய் வந்ததும் தேதி பத்து வருஷம் பின்னே. ஹேண்ட்ஷேக் நடக்காது, எந்த எரரும் வராது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் மாயமாகச் சரியாகும், ஏனென்றால் சர்வர் அந்த நேரத்தை மறந்துவிடுகிறது. ஆகவே கீயோடு மெஷினின் அடையாள எண்ணையும் எழுதிவைத்து, திறக்கும்போது ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அதற்கென்று தனி எரர் கொடுங்கள். தானாகப் புது கீ போடாதீர்கள், மதர்போர்டு மாற்றினாலும் இதே எரர்தான் வரும். ‘மறுபதிவு செய்’ என்று ஐந்தாவது ஃபங்ஷன் ஒன்று வையுங்கள், மனிதர் யாராவது பார்த்துவிட்டு அழுத்தட்டும். தேதி 2020-க்கு முன்னால் காட்டினால் திறக்காமலே ‘கடிகாரம் தவறு’ என்று சொல்லிவிடுங்கள்.

கன்சல்டன்டிடம் கேட்க இரண்டு கேள்வி. பிரைவேட் கீ எங்கே உருவாகிறது? ‘எங்கள் க்ளவுடில் உருவாக்கி மெயிலில் அனுப்புவோம்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், உங்கள் 40 இடத்தின் சாவியும் அவர் பையில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, உங்களுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் என் மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுமா? இதற்கு நேரான பதில் வராது. இன்னொரு கூட்டம் ‘எல்லா இடத்துக்கும் ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள்’ என்று வரும், மாதாமாதம் அதில் அவர்களுக்குக் கமிஷன். பொது ஐபி உள்ள சர்வர் ஒன்றிரண்டு போதும், மீதி எல்லாம் சிம்மின் பின்னாலேயே கிடக்கட்டும்.

பெரிய ஆலைகளின் நெட்வொர்க்கில் யுடிபியை (வயர்கார்டு பாக்கெட் போகும் வழி) மொத்தமாக அடைத்திருப்பார்கள். அனுமதி கேட்டால் ஒரு படிவம் தருவார்கள், ‘எதிர்முனை ஐபி’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு எண்தான் எழுத முடியும், மெஷ்ஷில் எதிர்முனை நாற்பது என்று விளக்கினால் ‘அப்படியானால் படிவம் முழுமையில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்கு இதே படிவம் மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது. மன்றாடாதீர்கள். 443 போர்ட் வழியாக டிசிபியில் ஒரு ரிலேவுக்கு லைப்ரரி தானாகவே மாறிக்கொள்ளட்டும், கீ இரண்டு முனையில் மட்டும் இருப்பதால் நடுவில் இருக்கும் ரிலேவால் எதையும் படிக்க முடியாது. மாறியது ஸ்டேட்டஸில் தெரிந்தால் போதும்.

எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஆப்ஷனாகத் தராதீர்கள். தந்தால் நெட்டில் எங்கோ பார்த்த எண்ணைப் போடுவார்கள். வயர்கார்டின் வழக்கம் 1420, சிம் வழியாகப் போகும்போது சில இடத்தில் அதுவே பெரிதாகி, சின்ன பில் போகும், லாரி போட்டோ மட்டும் பாதியில் தொங்கும். 1280 என்று உள்ளேயே வைத்து மறந்துவிடுங்கள்.

பைதானுக்கு இப்போதே தனியாக எழுத வேண்டாம். கோ புரோகிராம் 127.0.0.1-இல் (அதே மெஷினுக்குள் மட்டும்) ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கட்டும், பைதான் அதனிடம் பேசட்டும். அந்த போர்ட்டை 0.0.0.0-இல் (எல்லாப் பக்கமும்) திறந்துவிடாதீர்கள், ஆலைக்குள் இருக்கும் எந்த லேப்டாப்பும் உங்கள் மெஷ்ஷுக்குள் வந்துவிடும்.