ஜப்பானிய வினைச்சொற்கள்: புதிதாகப் படிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹிரகனா எழுத்துகளை முடித்துவிட்டு வினைச்சொற்களில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்களுக்கு முன்னால் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப அழுத்தமாகவும் மெலிந்தும் ஒலிக்கும். 'தம்பி' என்று சொல்லிப் பாருங்கள்: த அழுத்தம், பி மெலிவு. 'தபெரு' (சாப்பிடு) என்ற சொல்லிலும் அப்படியே. ஆனால் 'தபெதெ' என்று வரும்போது இரண்டு த-வும் 'தம்பி'யின் த போலவே ஒலிக்க வேண்டும். மற்றபடி குறில், நெடில், இரட்டிப்பு எல்லாம் எழுதியபடியே.

கேள்வி: இணையத்தில் கிடைத்த அட்டவணையில் ஒரு வினைச்சொல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? எங்கே ஆரம்பிப்பது?

அந்த அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் தெரிய வேண்டியது மூன்று பிரிவுகள் மட்டும்தான். முதல் பிரிவில் கடைசி எழுத்தின் உயிரொலி மாறிக்கொண்டே போகும்: நொமு (குடி), நொமிமஸ் (அதையே மரியாதையாகச் சொல்லும் மஸ் வடிவம்), நொமனய் (குடிப்பதில்லை). இரண்டாவது பிரிவில் 'ரு'வை எடுத்துவிட்டு வேண்டியதை ஒட்டினால் போதும்: தபெரு, தபெமஸ், தபெனய். மூன்றாவதில் இரண்டே சொற்கள்: ஸுரு (செய்), குரு (வா). இவை தம் போக்கில் போகும். ஷிமஸ், கிமஸ் என்று அப்படியே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸுருவைக் கற்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. நாம் 'போன் பண்ணு', 'வேலை செய்' என்பது போல அவர்களும் ஒரு பெயர்ச்சொல்லோடு ஸுருவைச் சேர்த்து வினையாக்கிவிடுவார்கள். தென்வா ஸுரு (போன் பண்ணு), பென்க்யோ ஸுரு (படி) என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஸுரு ஒன்று வசப்பட்டால் இத்தனையும் வசப்படும்.

கேள்வி: 'ரு'வில் முடிந்தால் இரண்டாவது பிரிவு என்றார்கள். ஆனால் 'கயெரு' முதல் பிரிவாமே? எப்படிக் கண்டுபிடிப்பது, சென்செய்?

'ரு'வில் முடிவது மட்டும் போதாது. அதற்கு முன்னால் இ அல்லது எ ஒலி இருக்க வேண்டும். அப்படி இருந்தும் முதல் பிரிவில் நிற்கும் சில சொற்கள் உண்டு. தொடக்கத்தில் தேவைப்படுபவை: கயெரு (வீடு திரும்பு), ஹைரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி), கிரு (வெட்டு), இரு (தேவைப்படு), ஷபெரு (அரட்டை அடி). இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மஸ் வடிவத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மஸ்ஸுக்கு முன்னால் எ ஒலி வந்தால் அது சந்தேகமில்லாமல் இரண்டாவது பிரிவு. இ ஒலி வந்தால் பெரும்பாலும் முதல் பிரிவு. மிமஸ் (பார்), ஒகிமஸ் (எழு), கரிமஸ் (கடன் வாங்கு), அபிமஸ் (குளி) போன்ற சில மட்டும் விலக்கு.

'கிரு' என்று இன்னொரு சொல்லும் உண்டு, 'உடுத்து' என்ற பொருளில். அது இரண்டாவது பிரிவு. அதனால் உடுத்தி என்பது கிதெ, வெட்டி என்பது கித்தெ. ஒற்றை த-வுக்கும் இரட்டை த்த-வுக்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் காதுக்குப் பழகியதுதான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் சிரமப்படுவார்கள்.

கேள்வி: தெ ஃபார்ம் ('குடித்து', 'எடுத்து' என்பது போல வரும், தெ-யில் முடியும் வடிவம்) மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது அக்கா. பாட்டாகப் பாடிப் பார்த்தேன். பாட்டு நிற்கிறது, பேசும்போது வடிவம் வரவில்லை.

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. பாட்டு தேர்வறையில் உதவும், பேச்சுக்கு உதவாது. காரணம் தெரிந்துகொண்டால் பாட்டே வேண்டாம்.

பழைய ஜப்பானியத்தில் இந்த வடிவம் ஒழுங்காகத்தான் இருந்தது: ககிதெ (எழுதி), நொமிதெ (குடித்து), தொரிதெ (எடுத்து). ஹெய்அன் காலத்தில் (794–1185) இந்த ஒலிகள் வாய்க்கு வசதியாகத் தேய்ந்தன. ககிதெயின் நடுவில் இருந்த க் உதிர்ந்து கைதெ ஆனது. தொரிதெ தொத்தெ ஆனது. நொமிதெயில் ம் மூக்கொலியாக நின்று அடுத்த த-வையும் மெலிய வைத்தது: நொந்தெ. நம் மொழியிலும் இதே வேலை நடந்திருக்கிறது. நில் என்பது நின்று ஆகிறது, கேள் என்பது கேட்டு ஆகிறது. எந்த அட்டவணையும் பார்க்காமல்தான் 'நின்று', 'கேட்டு' என்று பேசுகிறோம்.

ஆக, முதல் பிரிவில் நடப்பது இது. உ, த்ஸு, ரு என்று முடிந்தால் த்தெ: கௌ (வாங்கு) கத்தெ, மத்ஸு (காத்திரு) மத்தெ. மு, பு, நு என்று முடிந்தால் ந்தெ: யொமு (வாசி) யொந்தெ, அஸொபு (விளையாடு) அஸொந்தெ. நு-வில் முடிவது இன்றைய வழக்கில் ஷினு (இற) ஒன்றுதான். கு என்று முடிந்தால் இதெ. அந்தக் கு 'தங்கு'வில் வருவது போல மெலிந்திருந்தால் தெ-யும் மெலியும், ஒயொகு (நீந்து) ஒயொய்தெ என்பது போல. ஸு என்று முடிந்தால் ஷிதெ: ஹனஸு (பேசு) ஹனஷிதெ. முரண்டு பிடிப்பது இகு (போ) மட்டும், அது இத்தெ. இரண்டாவது பிரிவில் 'ரு' போய் 'தெ' வரும், அவ்வளவுதான்.

இதைத் தனிச்சொல்லாகச் சொல்லிப் பழகாதீர்கள். 'மத்தெ குதஸாய்' (காத்திருங்கள்), 'யொந்தெ குதஸாய்' (வாசியுங்கள்) என்று முழுதாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று: தெ இருக்கும் இடத்தில் த போட்டால் இறந்தகாலம் வந்துவிடும். நொந்தெ குடித்து, நொந்த குடித்தேன். தனியாகப் படிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: தெ ஃபார்ம் நம் வினையெச்சம் மாதிரியே இருக்கிறதே. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. இது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி, பயன்படுத்தாமல் விடாதீர்கள். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்றாலே பார்தான். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. ஒகு என்றால் வை. 'மொத்தெ குரு' கொண்டு வா. 'தபெதெ ஷிமத்த' சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டிருக்கக் கூடாதோ என்ற தொனியும் அதில் வரலாம். பெயரெச்சமும் நம் வரிசையிலேயே அமையும்: கினோ கத்த ஹொன், நேற்று வாங்கிய புத்தகம்.

கவனம் வேண்டிய இடம் 'தெ இரு'. தபெதெ இரு என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் 'இத்தெ இரு' போய்க்கொண்டிருக்கிறார் அல்ல, போயிருக்கிறார். 'கெக்கொன் ஷிதெ இரு' என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது. மணமேடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நீடித்து நடக்கும் செயல் என்றால் 'கொண்டிரு', ஒரே கணத்தில் முடியும் மாற்றம் என்றால் வெறும் 'இரு'. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான வாக்கியங்கள் தெளிவாகிவிடும்.

கேள்வி: நான், நீ, அவன் என்பதற்கேற்ப வினை மாறுமா?

மாறாது. வந்தேன், வந்தாய், வந்தான் எல்லாவற்றுக்கும் 'கித' ஒன்றே. எதிர்காலத்துக்கும் தனி வடிவம் இல்லை. 'அஷித இகு' என்றால் நாளைக்குப் போவேன்.

கேள்வி: கௌ என்பதன் எதிர்மறை 'கஅனய்' என்று எழுதினேன், தவறென்று திருத்திவிட்டார்கள்.

கவனய் என்று வர வேண்டும். உ-வில் முடியும் இந்த வினைகளில் ஒரு காலத்தில் மெய்யொலி ஒன்று இருந்தது. மற்ற உயிர்களுக்கு முன்னால் அது மறைந்துபோக, அ-வுக்கு முன்னால் மட்டும் வ் ஆக நின்றுவிட்டது. அரு (இரு) என்பதன் எதிர்மறை 'அரனய்' அல்ல, வெறும் 'னய்'. இந்த னய் ஒரு பெயரடை போலவே மாறும் என்பதையும் பிடித்துக்கொள்ளுங்கள்: கவனகத்த, வாங்கவில்லை.

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகத் தயாராகிறேன் மேடம். மஸ் வடிவம் மட்டும் தெரிந்தால் போதாதா?

பேசுவதற்கு மஸ் வடிவமே நல்லது. பெரியவர்களிடம் அதுதான் மரியாதை. ஆனால் பராமரிப்புப் பதிவேடுகளில் பெரும்பாலும் சுருக்கமான அகராதி வடிவமும் (நொமு, தபெரு போல) த வடிவமும்தான் இருக்கும். 'முழுதும் சாப்பிட்டார்' என்பது அங்கே 'தபெமஷித' என்று வராது, 'தபெத' என்று வரும். அதை வாசிக்கத் தெரியாவிட்டால் வேலை நடக்காது.

மருந்து கொடுக்கும்போது 'குஸுரி ஒ நொந்தெ குதஸாய்' என்பது சரியான வாக்கியம்தான். ஜப்பானியத்தில் மருந்தை 'குடி' என்றே சொல்வார்கள், மாத்திரையாக இருந்தாலும். ஆனால் நாள் முழுதும் குதஸாய் குதஸாய் என்றால் ஏவுவது போல ஆகிவிடும். 'தபெமஷோ கா' (சாப்பிடலாமா) என்று கேட்டுப் பழகுங்கள். அவர்கள் பொருளைத் தொடும் முன் 'தொத்தெ மொ ஈ தெஸ் கா' (எடுக்கலாமா) என்று கேளுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் விமானம் ஏறும் முன்பே சரளமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்கிறார்களே, உண்மையா?

ஸுஸுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். ஈழத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அந்த ஆய்வில் அவரோடு உழைத்தார்கள். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது வேறு, உறவு வேறு. கொரிய மொழியும் துருக்கியும்கூட வினையைக் கடைசியில் வைப்பவைதான். ஒத்துப்போகும் அமைப்பு படிக்க உதவுகிறது. அதை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (JLPT) தொடக்க நிலையான 'என் 5' (N5) எழுதுகிறேன். எந்தெந்த வடிவங்கள் வேண்டும்?

மஸ், அகராதி வடிவம், தெ, த, னய். இந்த ஐந்தும் தடுமாறாமல் வர வேண்டும். செயப்பாட்டு வினையும் பிறவினையும் அடுத்த நிலையான 'என் 4'-க்கு ஒத்திப்போடுங்கள். தேர்வு முழுவதும் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். எழுதவோ பேசவோ சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்கும் பகுதி உண்டு, அதில்தான் வினைவடிவங்கள் வேகமாகக் கடந்துபோகும். கிதெ (வந்து), கித்தெ (வெட்டி), கீதெ (கேட்டு) மூன்றையும் யாரையாவது கலந்து சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த அகராதிச் சொல்லிலிருந்து வந்தது என்று உடனே திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். குரு, கிரு, கிகு.