நியூரம்பெர்க் இரவில் காணாமல் போனவரைத் தேட

வணக்கம் சகோதரி. உங்கள் கணவரின் பெரிய தாத்தா லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் பின்பக்கத் துப்பாக்கி வீரர், இரண்டாம் உலகப் போரில் 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர் மீதான தாக்குதலுக்குப் போனவர், பெயர் இங்கிலாந்தின் ரன்னிமீட் விமானப்படை நினைவுச்சுவரில் இருக்கிறது, அப்படியானால் விமானம் கடலில்தான் விழுந்ததா என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படி முடிவுகட்ட வேண்டாம். அந்தச் சுவரில் பெயர் இருந்தால் அறியப்பட்ட கல்லறை அவருக்கு இல்லை, அவ்வளவுதான். அன்று நிலா வெளிச்சம் வேறு. கிளம்பிய 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. பெரும்பாலானவை பெல்ஜியத்துக்கும் ஜெர்மனியின் ஃபுல்டா நகருக்கும் நடுவே ஜெர்மன் இரவுப் போர்விமானங்களால் வீழ்த்தப்பட்டவை. சில ஜெர்மன் விமானங்களில் மேல்நோக்கிச் சுடும் பீரங்கி இருந்தது. கீழிருந்து வந்த தாக்குதலைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாவம்.

லங்காஸ்டரில் வழக்கமாக ஏழு பேர். மற்ற ஆறு பேரையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் தேடுங்கள், இதுதான் முக்கியம். ஒருவருக்காவது ஜெர்மனியில் கல்லறை இருந்தால் விமானம் தரையில் விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். போருக்குப் பின் கிராமத்து இடுகாடுகளிலிருந்து உடல்களை எடுத்துப் பெரிய கல்லறைகளுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றப் பதிவு, ஆணையத் தளத்தில் பலரின் பெயருக்குரிய பக்கத்தில் கிடைக்கும்; முதலில் புதைத்த ஊர் அதில் இருக்கும். அதே பதிவில், அடுத்த கல்லறைகளில் 'அடையாளம் தெரியாத விமானப்படை வீரர்' யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள்; அது அவராகவும் இருக்கலாம்.

அப்புறம், அவருடைய ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) தினப்பதிவு லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 வரிசையில் இருக்கிறது. ஸ்குவாட்ரன் எண்ணை இங்கே போடுங்கள், சேர்ந்தே தேடுவோம்.